இன்னைக்கு அழுகலையா?

திருச்செங்கோட்டிலிருந்து சேலம் போகும் பேருந்தில், எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஒரு போர்வெல் ஆபீசில் வேலை பார்க்கும் இளையவள், பக்கத்திலிருந்த பெரியவளிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“கம்ப்யூட்டரு என்னைப் பாத்து, இன்னைக்கு அழுகலையான்னு கேட்டுச்சுங்க்கா.”

“என்ன சாமி சொல்ற?”

“நேத்து மத்தியானம் லெட்டர் அடிச்சுட்டிருந்தனுங்க. கையை எடுத்துட்டுத் தண்ணி குடிக்கறேன், திரையில எழுத்து தானா உழுகுது. ‘இன்னைக்கு அழுகலையா?’ ஆபீஸ்ல நான் மட்டுந்தான்.”

“ஐயோ! அப்பறம்?”

“ஒயரைப் புடுங்கிப்போட்டு வெளிய ஓடியாந்துட்டேன். ரிப்பேர்க்காரர் வந்து பாத்தாரு. அப்டேட் பண்ணட்டுமான்னு அது கேக்கறப்பெல்லாம் நான் ‘அப்புறம்’னு அழுத்தியிருக்கறேன். அதனால அடைபடாம கெடந்த ஓட்டை வழியா எவனோ உள்ள பூந்து, மூணு மாசமா கேமராவுல பாத்துட்டிருந்திருக்கான். எல்லாத்தையும் அழிச்சுப் புதுசா ஏத்திக் குடுத்தாரு. அப்பவும் மனசு கேக்கல. நெத்தியில இருந்த பொட்டை எடுத்துக் கேமரா மேல ஒட்டிட்டேன்.”

பெரியவள் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“நீ எதுக்கு சாமி அழுகற?”

“அப்பா போனதுலருந்துங்க்கா. ஊட்டுல அம்மா முன்னால அழுகக் கூடாதுன்னு, எல்லாரும் சாப்பிடப் போனப்பறம் ஆபீஸ்லயே அழுதுக்குவேன்.”

“எங்கிட்டக்கூடச் சொல்லலையே.”

“யாருக்குமே தெரியாதுங்க்கா. அவனுக்கு மட்டுந்தான் தெரியும்.”