அவள் விழிக்கும் வரை

வயிற்றை வெட்டி எங்கள் இரண்டாவது பிள்ளையை எடுத்த அன்று, மனைவி மயக்கத்தில் கிடக்கையில், அவளைக் கேட்காமலே கருத்தடைக்கும் சேர்த்துச் சம்மதம் சொன்னேன். பிறகு பிள்ளை உண்டாகவில்லையென்று அவள் கோயில் கோயிலாக நேர்த்தி வைத்தாள். நான் வாய் திறக்கவில்லை.

முப்பது வருடங்கள் கழித்து, இரத்தினபுரியிலிருந்து கஹவத்தைக்குப் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் பச்சைக் குழந்தையோடு இருந்த தேயிலைத் தோட்டத்துப் பெண் கணவனிடம் சொன்னாள்:

“இன்னும் ரெண்டு பெத்துக்குவேன்.”

“ரெண்டு தடவ வெட்டியாச்சு. இனிமே ஆபத்துன்னு டாக்டர் சொல்றாரு. நாலு புள்ளைய ஒத்த ரூம் லயத்துல எங்க படுக்க வைப்ப?”

“ஒங்கள வாசல்ல படுக்க வச்சிட்டு.”

“வெளையாடாத. இனிப் புள்ள பொறக்காம இப்பவே ஆப்பரேஷன் செஞ்சிரலாமான்னு எங்கிட்ட கேட்டாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

போர்க்காலம்; பெல்மதுளையில் இராணுவத்தினர் சோதனைக்கு ஏறினார்கள். பஸ்ஸில் தமிழ்ப் பேச்சு நின்றது. அவர்கள் இறங்கி பஸ் நகர்ந்ததும் அவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

“சொல்லுங்க. என்ன சொன்னீங்க?”

“அவ முழிக்கட்டும், அவகிட்டயே கேளுங்கன்னேன்.”

“அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? உசுரே போயிருச்சு!” அவன் தோளில் அடித்துவிட்டு அழுதாள்.

அன்று வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் பஸ்ஸில் கேட்டதையும் அன்று நான் செய்ததையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மடித்துக்கொண்டிருந்த சேலையை அவள் கீழே வைத்தாள்.

“அந்தப் புள்ளைக்கு மொத்தம் எத்தன வேணுமாம்?”

“நாலு.”

“எனக்கு இன்னும் ஒன்னு போதும்னு இருந்துச்சுங்க,” என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள்.