கம்பெனிக்கு ஓடுறதா, வேணாமா

மீஞ்சூரில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறினேன். எதிர் சீட்டில் ஒரு அப்பாவும், காலேஜில் படித்துக்கொண்டே ஓட்டப்பந்தயம் ஓடுகிற மகளும். ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் அவர் கேட்டது அப்படி.

“கால வித்துட்டு வரேன்றியா?”

“விக்கல நைனா. இந்த சீசன்ல ஒருத்தியும் இன்னும் என்னத் தாண்டல. காலேஜ உட்டுட்டு கம்பெனி டீமுக்காக ஓடுனா மாசாமாசம் சம்பளம். நாளைக்குக் கையெழுத்து.”

“பர்மனென்டா?”

“கான்ட்ராக்ட்டு.”

“நானும் அதான். மிஷின்ல விரல் நசுங்குன அன்னிக்கே கேட்டுக்கு வெளிய உக்கார வெச்சானுங்க. உனுக்குத் தொட நரம்பு இழுத்துக்கினா இன்னா பண்ணுவாங்க? கேட்டியா?”

“கேக்கல.”

“இப்பவே கேளு.”

அவள் அந்தக் கம்பெனி சாருக்குப் போன் போட்டுக் கேட்டாள். பொன்னேரி வந்தும் போன் காதிலேயே இருந்தது.

“இன்னா சொல்றாரு?”

“உன் வயசுக்கு அதெல்லாம் வராதுன்னு சிரிக்கிறாரு நைனா.”

“எங்க மேஸ்திரியும் அப்படித்தான் சிரிச்சாரு.”

அவள் அப்பாவின் கையைப் பார்த்தாள். பிறகு போனில், “சார், சிரிக்காம பதில் சொல்லுங்க. அப்பாலதான் கையெழுத்து” என்றாள்.