கப்பல் ஏறாத பேட்டரிகள்

திருநாவுக்கரசு: இன்னொரு நடை என் லாரி போகாதுக்கா. வேற ஆளப் பாரு.

இந்திராணி: மெதுவா பேசு. பக்கத்து வீட்ல கேக்கும்.

திருநாவுக்கரசு: ஷாதிபூர் முழுக்கக் கேக்கட்டுமே. ஸ்கூட்டர் பேட்டரியக் கொண்டுபோய் கடல் தண்ணி ஏறி எறங்கற க்ரீக்ல கொட்டச் சொல்ற கம்பெனிக்கு நீ மேனேஜர். நான் ஏன் மெதுவா பேசணும்?

இந்திராணி: சென்னைலேர்ந்து சொல்றாங்க, நான் செய்யறேன். உப்பிப்போன பேட்டரியக் கப்பல்ல ஏத்த மாட்டேங்கறான். இந்தத் தீவுலேர்ந்து மெயின்லேண்டுக்கு எப்படித்தான் அனுப்பறது?

திருநாவுக்கரசு: அப்ப எதுக்கு இங்க கொண்டாந்தீங்க?

இந்திராணி: நல்லதுக்குத்தான்டா. ஒரே ஸ்கூட்டர், போன்ல புக் பண்ணி பத்துப் பேரு மாத்தி மாத்தி ஓட்டறான். புகை கிடையாது, ஆளுக்கொரு வண்டி வாங்க...

திருநாவுக்கரசு: போஸ்டர்ல இருக்கறத எங்கிட்டப் படிக்காத. அந்தப் பத்துப் பேரும் முன்னாடி பஸ்ல போனவன்தான். சார்ஜ் போடற கரண்டு எதுல வருது? டீசல்ல.

இந்திராணி: பெரிய ஆபீசர் மாதிரி...

திருநாவுக்கரசு: ரெண்டு மழைக்குத் தாங்கல உங்க பச்சை வண்டி.

இந்திராணி: சரி விடு. நேத்து முதல் நடையக் கொட்டிட்டல்ல? அதோட நிறுத்திக்க.

திருநாவுக்கரசு: கொட்டல.

இந்திராணி: என்னடா சொல்ற?

திருநாவுக்கரசு: தார்ப்பாய அவுத்துட்டேன். பாத்தா... இடுப்பளவு தண்ணில ஒரு பெங்காலி அம்மா நண்டு புடிச்சிட்டு நிக்கறாங்க. "க்யா ஹை, பேட்டா?"ன்னு, என்னப்பா அதுன்னு கேட்டாங்க. என்னத்தச் சொல்ல? ஒண்ணுமில்லன்னுட்டு வண்டியத் திருப்பிட்டேன்.

இந்திராணி: இப்ப பேட்டரியெல்லாம் எங்க?

திருநாவுக்கரசு: லாரியிலயே இருக்கு. பத்துபஸ்தில என் ஷெட்ல.

இந்திராணி: ஏன்டா இப்படிப் பண்ற... ஆபீஸ்ல நான் என்ன பதில் சொல்லுவேன்?

திருநாவுக்கரசு: நீ குடுத்தனுப்பின ஃபைல்ல ஒரு பேப்பர் இருந்துச்சு. நூத்தி இருபது பேட்டரியும் போன மாசமே சென்னைக்குக் கப்பல்ல போயிடுச்சாம். சீல், கையெழுத்து எல்லாம் இருக்கு.

இந்திராணி: ...அது எப்படி அதுல வந்துச்சு?

திருநாவுக்கரசு: எப்படி வந்தா என்ன. மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸ்ல குடுத்தா தெரிஞ்சிடும், எவன் பொய் சொல்றான்னு.

இந்திராணி: வேண்டாம்டா.

திருநாவுக்கரசு: ஏன் வேண்டாம்?

இந்திராணி: சொன்னா கேளு. உங்க மாமாவுக்கு வேலை போய் ஆறு மாசம் ஆச்சு. எம் பொண்ணு பானு இப்பத்தான் காலேஜ்ல...

திருநாவுக்கரசு: மாட்டப்போறது கம்பெனி. மாமாவும் பானுவும் இதுல எங்க வர்றாங்க?

இந்திராணி: அந்தக் கையெழுத்து... நான் போட்டதுடா.

திருநாவுக்கரசு: தெரியும். சின்ன வயசுலேர்ந்து பாக்கறேன், உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? காலைல மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸ் தொறந்ததுமே அந்தப் பேப்பரக் குடுத்துட்டேன். நீயா சொல்லுவியான்னுதான் இவ்வளவு நேரமும் உக்காந்திருந்தேன்.