தொப்பிக்கு ஒரு கல்லறை

கடப்பாரைய அந்த வேப்பமரத்துல சாத்தி வைக்கச் சொல்லுங்க தம்பி. ஆர்டரு இருக்குன்னு காட்டிட்டீக, நான் மறிக்க முடியுமா? நான் இந்தக் கல்லறைத் தோட்டத்துக்குக் காவக்காரன். கேட்டத் தொறக்குறதும் பூட்டுறதுந்தான் என் அதிகாரம். ஒரு டீத்தண்ணி குடிச்சுட்டு ஆரம்பிக்கட்டுமே. தொர எம்பது வருசத்துக்கு மேல இங்கன கெடக்காரு, நாம டீ குடிக்கிறதுக்குள்ள எந்திரிச்சு ஓடிரவா போறாரு.

ஆமா, உள்ள ஆளு கெடையாது. தொப்பியும் இடுப்புக் கத்தியுந்தான். அவுக பேரப்பிள்ளைக சொல்லித்தான உங்கள அனுப்பிருப்பாக. லண்டன்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கப் போறாகளாமே. வைக்கட்டும். அவுக தாத்தா சாமான், நாம என்ன சொல்ல?

டென்பி தொரயப் பத்தியா? இந்த ஊருல கேக்காத ஆளு உண்டா! பதிமூணு வயசுல கப்பல் படையில சேத்து விட்டுட்டாகளாம். நம்ம பக்கம் அப்பல்லாம் அந்த வயசுல தீப்பெட்டி ஒட்டப் போவாகள்ல, அப்படித்தான்னு வச்சுக்கிடுங்களேன். மொத உலகச் சண்டையில சின்ன ஆபீசரு. பெறகு சீனாக் கடலு, ஆப்பிரிக்காக் கடலுன்னு சுத்திச் சுத்திக் கமாண்டரு ஆயிட்டாரு. சம்சாரம் இங்கன மிசன் ஆஸ்பத்திரியில நர்சம்மா. அந்தம்மா ஊர விட்டு வரமாட்டேன்னுட்டாக, இவரு கடல விட்டு வரமாட்டேன்னுட்டாரு. லீவு கெடைச்சா இங்கன வந்து வேர்த்து ஊத்திக்கிட்டு உக்காந்திருப்பாராம். ஒரு வருசம் பேய்மளை, கண்மாய் நெறஞ்சிருச்சு. மனுசனுக்குக் கை சும்மா இருக்குமா? பனங்கட்டையும் பானையுமாக் கட்டி மெதக்க விட்டு, மேல ஏறி நின்னு கரையில உள்ள சனத்துக்கெல்லாம் சல்யூட் அடிச்சிருக்காரு. நடுக் கண்மாயில கவுந்துருச்சு. எங்க தாத்தா சாகுற மட்டும் அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு.

ரெண்டாவது சண்டைக்கு மறுபடி கூப்புட்டாக. போறப்ப பளைய தொப்பியையும் கத்தியையும் டிரங்குப் பெட்டியில போட்டு வச்சுட்டுப் போயிருக்காரு. போன கப்பல குண்டு போட்டு முக்கிட்டாக. ஆளு கெடைக்கல. எனக்கு உக்காந்து அளுவுறதுக்கு ஒரு எடம் குடுங்கன்னு அந்தம்மா கேட்டிருக்காக. அப்ப இருந்த போதகரு மறுபேச்சுப் பேசல. தொப்பிக்குக் குளி வெட்டி, ஜெபம் பண்ணி, பாட்டுப் பாடி அடக்கம் பண்ணிருக்காரு. குடிக்கத் தண்ணி இல்லாத ஊருல கப்பக்காரருக்குக் கல்லறை. நல்ல எடம் பாருங்க, நெழலு விளுற எடம்.

டீ ஆறுது, குடிங்க.

எனக்கா? ஒரே மக. கிருபா. நர்சிங் படிச்சுக்கிட்டு இருந்தா. மூணு வருசத்துக்கு முந்தி தீவாளி சீசனுக்கு ஆளு பத்தலன்னு கூப்புட்டாகன்னு, திருத்தங்கலுக்குக் கிட்டக்க ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு லீவுல போனா. ம், அதே விபத்துத்தான். டிவியில பாத்திருப்பீக.

வெடிமருந்து ரூமுக்குள்ள செருப்புப் போடக் கூடாது தம்பி. உரசுச்சுன்னா போச்சு. தள்ளி மரத்தடியில களத்தி விட்டுட்டு வெறுங்காலோடதான் போகணும். நான் போயிப் பாக்கைல ரூமு இருந்த எடத்துல ரூமு இல்ல. மரத்தடியில செருப்பெல்லாம் வரிசையா, போட்டது போட்டபடி கெடக்கு. மத்த வீட்டுக்காரவுகளுக்கு, பாவம், ஏதோ ஒரு மூட்டையாச்சும் கட்டிக் குடுத்தாக. எங்களுக்குக் குடுக்க ஒண்ணும் இல்லன்னுட்டாக.

தோட்டக் கமிட்டியில போயிக் கேட்டேன். கால்ல விளாத கொறதான். ஆளு இல்லாம எப்படி அடக்கம் பண்ணுறது பால்துரை, செத்தவுகளுக்கே எடம் பத்தல, செருப்புக்கு எங்கன குடுக்கன்னாக. தொப்பிக்குக் குடுத்தீகளேன்னேன். அது வெள்ளைக்காரன் காலம்ப்பான்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாக.

செருப்பா? இருக்கு. பத்திரமாத்தான் இருக்கு.

எம்பொண்டாட்டி கனகமணி ஞாயித்துக்கெளம ஆராதனை முடிஞ்சதும் நேரா இந்தக் கல்லறைக்கு வந்துருவா. வெயில் ஏறுற மட்டும் உக்காந்திருப்பா. வெள்ளைக்காரனுக்கு அளுவுறா, புத்தி பெரண்டுருச்சுன்னு ஊருக்குள்ள பேச்சு. பேசட்டும். நீங்க இன்னைக்கு வாரீகன்னு அவகிட்ட நான் சொல்லல. நீங்க கல்லப் பேத்துட்டுப் போனதும் இந்த எடத்த வேற குடும்பத்துக்குக் குடுக்கக் கமிட்டியில பேசி முடிச்சுட்டாக. வார ஞாயித்துக்கெளம அவ எங்கன போயி உக்காருவாளோ தெரியல.

சரி, வெயிலு ஏறுது. வேலையாளுகளக் கூப்புடுங்க. ஒண்ணே ஒண்ணு தம்பி. கடப்பாரைய ஓங்கிப் போட வேணாம்னு சொல்லுங்க. மேல் மண்ணக் கையால அள்ளட்டும். பெட்டிக்கு மேலாப்புலயே, கிருபா தாவணித் துணியில சுத்தி, ஊதாக் கலருல ஒரு சோடிச் செருப்பு இருக்கும்.

அது தொரயோடது இல்ல.