ஈரச் சட்டையைச் சாட்சிக்கு அழைத்த ஜெயசித்ரா அம்மையாருக்கு

சிற்றாற்றுச் சீமையின் சீர்மிகு செல்வியே, சலியா உழைப்பின் சிகரமே, சக பணியாளர்களைச் சலிப்பின் எல்லைவரை கொண்டுசென்ற சாதனையாளரே, தென்காசி சாரல் தொழில்நல ஆய்வு நிலையத்தின் தலைமை ஆய்வாளரே, எங்கள் அன்புக்கும் அலுப்புக்கும் ஒருங்கே உரிய அம்மையீர், வணக்கம்.

பணிநிறைவு பெற்று விடைபெறுவோரின் நற்குணங்களைப் போற்றுவதே மரபு. பொறுமை என்று எழுதினோம், அடித்தோம். இன்சொல் என்று எழுதினோம், அதையும் அடித்தோம். எஞ்சியது பிடிவாதம் ஒன்றே. அதையே போற்றுகிறோம், பொறுத்தருள்க.

வடகரை வயலில் களை பறித்துக்கொண்டிருந்த இசக்கிசெல்வி சுருண்டு விழுந்த கார் பருவத்தை எங்களில் எவர் மறப்பார்? கைகால் நடுங்க, வாயில் எச்சில் வழிய, கண்ணின் கருமணி கடுகாய்ச் சுருங்க, அவரைத் தென்காசி மருத்துவமனைக்குத் தூக்கி வந்தார்கள். நல்லவேளை, பிழைத்தார். காரணம் கண்டறியும் பொறுப்பு நம் நிலையத்துக்கு வந்தது. வாய்க்கால் நீரைச் சோதித்தோம். பூச்சிமருந்தின் அளவு வரம்புக்குள் இருந்தது. வெயிலும் வெறும் வயிறுமே காரணம் என்று முடித்துவிடச் சொன்னார் அன்றைய இயக்குநர். முடித்திருந்தால், அந்த வாரம் அருவிக் குளியலாவது எங்களுக்குக் கிட்டியிருக்கும். தாங்களோ நேரே இசக்கிசெல்வியின் கட்டிலருகே போய் அமர்ந்தீர்கள்.

"ரெண்டு கும்பா பழையது தின்னுட்டுத்தான் மேடம் வயலுக்குப் போனேன். பசியில விழுந்துட்டேன்னு சொல்லுதாங்க. என் வயித்தப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்றார் அவர்.

"அந்த வயல்ல எப்ப மருந்தடிச்சாங்க?"

"மொத நாள் சாயங்காலம். விடிஞ்சதும் நாங்க இறங்கிட்டோம். பயிரெல்லாம் நனைஞ்சுதான் கெடந்துச்சு. சேலை முழங்கால் மட்டுக்கும் ஈரம்."

திரும்பி வந்து இயக்குநர் முன் நின்றீர்கள். "வாய்க்கால் தண்ணி சுத்தம்தான் சார். அத யாரு குடிச்சா? எந்த வழியா உடம்புக்குள்ள போச்சுன்னு பாக்காம, எவ்வளவு இருந்துச்சுன்னு மட்டும் பாத்து என்ன செய்ய?"

அன்று தொடங்கியது எங்கள் அல்லல். மருந்தடிப்பவர்களின் சட்டைக்குள் வெள்ளைப் பனியன் அணிவித்து, வேலை முடிந்ததும் அதைக் கழற்றி வாங்கிச் சோதிக்கச் சொன்னீர்கள். "பனியன் குடுக்க வந்தியளா, புடுங்க வந்தியளா?" என்று ஊரார் கேட்டது எங்களைத்தான், தங்களை அல்ல. பெண்களை மீண்டும் நச்சு வயலில் இறக்கத் தங்களுக்கு மனம் வரவில்லை. எங்களை இறக்க மட்டும் தாராளமாய் வந்தது. ரப்பர் பூட்ஸின்மேல் பருத்தித் துணி சுற்றி, மருந்தடித்த மறுநாள் காலை நாங்கள் சேற்றில் நடந்தோம். வழுக்கி விழாதவர் எவருமில்லை. ஆனால் ஆய்வகத்தில் அந்தத் துணிகள் உண்மையைச் சொல்லின. வாய்க்காலில் வரம்புக்குள் இருந்த மருந்து எங்கள் கணுக்கால் துணியில் ஊறியிருந்தது. பனியன்களில் முதுகுப்பக்கமே மோசம்.

குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்த நாளில் ஊராருடன் ஆய்வுக் கூட்டம் நடந்தது. வடகரைப் பெருவிவசாயி அருமைநாயகம் எழுந்தார். "எங்க அய்யா காலத்துல இருந்து அடிக்கோம். இதுவரைக்கும் யாரு செத்தா?"

தாங்களோ அவர் வீட்டிலிருந்தே முன்கூட்டி வாங்கி வந்த மருந்து டேங்கில் நீலம் கலந்த தண்ணீரை ஊற்றி, இதோ இம்மடலை வாசிக்கும் விஜய்பாண்டியின் முதுகில் மாட்டினீர்கள். அன்று அவர் அணிந்திருந்தது தலைதீபாவளிச் சட்டை. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை தாங்கள். அவர் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் நீலம் முதுகில் இறங்கி, இடுப்பைச் சுற்றி, வேட்டிக்குள் புகுந்துவிட்டது.

அருமைநாயகம் அருகில் வந்து அந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்தார். "இது என் டேங்க்கா?"

"உங்க டேங்க்தான் அண்ணாச்சி. உங்க மவன் முதுகுல மாட்டுதது."

அவர் நீலம் பட்ட விரலைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். அடுத்த வாரமே வடகரையில் ஒழுகும் டேங்குகளுக்கெல்லாம் வாஷர் மாற்ற முன்னின்றவர் அவர்தான். மருந்தடித்த வயலின் வரப்பில் சிவப்புத் துணி கட்டவும், அதை அவிழ்க்கும்வரை எவரும் இறங்காதிருக்கவும் ஊர் ஒப்புக்கொண்டது. இயக்குநர் மட்டும் 'பரிசீலிக்கலாம்' என்று எழுதினார். அவர் மாறுதலில் போன பின்புதான் அறிக்கை வெளிவந்தது. அதுவரை தங்கள் கோபம் முழுவதையும் தாங்கியவை எங்கள் காதுகளே.

இசக்கிசெல்வியின் கை நடுக்கம் தணியச் சில மாதங்கள் ஆயின. இன்று இவ்வரங்கில் அமர்ந்திருக்கிறார். இப்போதும் களை பறிக்கப் போகிறார், "என்னைக்கு அடிச்சிய?" என்று கேட்டு, பதில் வந்த பிறகே வயலில் கால் வைக்கிறார்.

அம்மையீர், மலையேறத் தளராத முழங்கால்களும், மனம்போல் உறங்கும் மதியப்பொழுதுகளும், கடிந்துகொள்ள எங்களைவிடப் பொறுமைசாலிகளும் தங்களுக்கு வாய்க்கட்டும். நாளைக் காலை ஆய்க்குடியின் கத்தரித் தோட்டத் தொழிலாளர்களைப் பார்க்க நாங்கள் புறப்படுகிறோம். அருள்கூர்ந்து தாங்கள் வீட்டிலேயே இருங்கள். யார் சொன்ன பேச்சையும் தாங்கள் கேட்டதில்லை. ஆதலால் வண்டியில் முன் இருக்கையை விட்டுவைத்திருக்கிறோம்.

தங்களால் அலைக்கழிந்த, தங்களை விட மனமில்லாத
சாரல் தொழில்நல ஆய்வு நிலையப் பணியாளர்கள்,
தென்காசி.