பட்டியலில் சேர்த்த ஒரு பெயர்

காலிங் பெல் விடாமல் அடித்தது. ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்த கையைத் துடைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன். கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு பெண். பெயர் கலைவாணி, சென்னை கண் ஆஸ்பத்திரியில் வேலை. "மூணு தடவ மெயில் போட்டோம், போன் பண்ணோம். உங்க வீட்டுக்காரர் ஏன்மா வரல?" என்றாள். உட்காரச் சொன்னேன். அவளிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். மறைக்க ஒன்றுமில்லை.

பிரவுசரை இருக்கிறபடியே பயன்படுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறேன். எக்ஸ்டென்ஷன் என்கிற குட்டி நிரல்களை ஆளுக்கேற்றபடி தேர்ந்தெடுத்துச் சேர்த்தால்தான் அது நம்முடைய பிரவுசர் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

என் கணவர் தனசேகரன் பட்டுக்குச் சாயம் போடும் மாஸ்டர். இரண்டு வருஷத்துக்கு முன் பட்டறையில் சோடாக் காரம் கலந்த தண்ணீர் தெறித்து இரண்டு கருவிழியும் வெளுத்துப்போயின. வேறு கருவிழி வைத்தால் பார்வை வரலாம் என்று டாக்டர் சொல்ல, அந்தச் சென்னை ஆஸ்பத்திரியில் பெயரைப் பதிந்துவிட்டு வந்தோம்.

அவருக்காக, பக்கத்தை உரக்கப் படித்துக்காட்டும் எக்ஸ்டென்ஷனைச் சேர்த்தேன். அது கலெக்டர் பற்றிய செய்திக்கு நடுவே கூந்தல் எண்ணெய் விளம்பரத்தையும் சேர்த்துப் படித்தது. "இன்னா சுகா, கலெக்டருக்கு முடி கொட்டுதாமா?" என்று சிரித்தார். விளம்பரத்தைத் தடுக்க இன்னொன்றைப் போட்டேன். மேட்ச் முடிவு முன்கூட்டியே காதில் விழக் கூடாது என்றார். நாம் கொடுக்கிற சொல் எங்கே வந்தாலும் அந்த வரியை மறைத்துவிடும் எக்ஸ்டென்ஷன் ஒன்று உண்டு. அதன் பட்டியலில் வெற்றி, தோல்வி என்று சேர்த்தேன். பிறகு அந்த ஆஸ்பத்திரியின் பெயரையும் சேர்த்தேன். அவர்களிடம் கொடுத்திருந்த போன் நம்பர் என்னுடையது.

கருவிழி கிடைத்திருக்கிறது, இரண்டு நாளுக்குள் வரவும் என்று மூன்று மெயில் வந்தன. மூன்றையும் படித்தேன். கடைசி மெயில் வந்தபோது இவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

"ஆஸ்பத்திரிலருந்து எதுனா வந்துக்குதாமா?"

"ஒண்ணும் இல்லீங்க."

காபி ஆற்றிக் கொடுத்தேன்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம்? அந்தக் கருவிழிகள் வீணாகவில்லை. வேறு மூன்று பேருக்குப் பார்வை வந்திருக்கும். ஆபரேஷன் என்றால் கத்தி. பலிக்காமல் போனால் இவர் உடைந்துபோவார். அதை நினைத்துத்தான் செய்தேன். இன்னொரு முறை கேட்டாலும் இதையேதான் செய்வேன்.

வீட்டில் ஏதாவது தகராறா என்று கலைவாணி கேட்டாள். கிடையாது. முன்பெல்லாம் கல்யாண வீட்டில் நாலு பேர் நடுவே, "கடவுள் எல்லாருக்கும் அளவாத்தான் சாயம் போட்டான். இவளுக்கு மட்டும் கை தவறி வுட்டுட்டான்பா" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். பதினோரு வருஷம் நானும் சிரித்தேன். இப்போது என் கன்னத்தைத் தடவிப் பார்த்து, "அழகுமா நீ" என்கிறார். கேட்டதால் சொன்னேன். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கலைவாணி எழுந்தாள். "இன்னிக்கு இன்னொரு கருவிழி வந்துக்குது. வண்டி வாசல்ல நிக்குது. அவர நான் கூட்டிக்கினு போறேன்."

உள் அறைக்குப் போகும் கதவை மறித்து நின்றேன்.

"அவருக்கு ஒண்ணும் ஆவாதுமா, நானே கூட இருக்கேன். உனக்கு இன்னாதான் பயம்?"

அவர் உயிரை நினைத்துத்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"கட்டு அவுத்ததும் மொதல்ல என் மூஞ்சியத்தான பாப்பாரு?"