இடாப்பில் மட்டும் இருக்கிற டீச்சர்

— பதினொண்டாவது, "பெற்றோர் பங்களிப்பு" எண்டு போடுங்க சேர். அடியில ரெண்டு கோடும் இழுங்க. வலயக் கந்தோர்ல அத வாசிச்சா சந்தோசப்படுவாங்க.

— போட்டிட்டன் மேடம்.

— பன்னண்டாவது, காலை வாசிப்பு. மணி அடிச்சா பத்து நிமிசம் ஒரு சத்தமும் இரிக்கப்படாது. அதிபர் எண்டு நான் மட்டும் சும்மா இருக்கிறல்ல. கேற்றடியில நிக்கிற நௌஃபர் நானாவும் கையில ஒண்ட வெச்சி வாசிக்கணும்.

— அவரும் வாசிப்பாரோ?

— பேப்பர்ல விளையாட்டுப் பக்கம். அதுவும் வாசிப்புதானே! சிரிக்கிறீங்க, ஆனா எழுதுறீங்க இல்ல. பேனைய ஏன் மேசையில வெச்சிட்டீங்க?

— அது சரி மேடம். வலயத்தால என்னை இஞ்ச ஏன் அனுப்பினவை எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. "தியாகராசா, மாம்புரிப் பக்கம் போம். அந்த ஸ்கூல் எப்பிடி முன்னுக்கு வந்ததெண்டு பாத்து எழுதிக்கொண்டு வாரும். பிறகு உம்மடை பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கதைப்பம்" எண்டு.

— அப்போ எழுதுங்களேன். முப்பத்தொம்பது புள்ளைகள் அஞ்சாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப் எழுதி இருவத்திரண்டு பேர் வெட்டுப்புள்ளிக்கு மேல. இந்தக் கரையில எந்த ஸ்கூல்ல கண்டீங்க? முந்தியெல்லாம் எங்களுக்கு ரெண்டு, மிஞ்சினா மூணு.

— காலை வாசிப்பு என்னட்டையும் இருக்கு மேடம். பெற்றோர் கூட்டம் இருக்கு. சுவர் நிறையப் படம் இருக்கு. வாசிக்கத் தெரிஞ்ச பிள்ளையள்தான் இல்லை.

— யா அல்லாஹ், அப்பிடிச் சொல்லாதீங்க சேர்.

— நாலாம் வகுப்பில பதினொரு பேர். ஏழு பேருக்குத் தங்கடை பேரைத் தவிர வேறை ஒண்டும் எழுதத் தெரியாது. புத்தகத்தை விரிச்சு வைச்சுக்கொண்டு பத்து நிமிசமும் என்ரை முகத்தையே பாத்துக்கொண்டிருக்குதுகள்.

— வண்ணாத்திவில்லுக்கும் அங்கால எண்டா கஷ்டந்தான். மறுக்கிறல்ல.

— எல்லாமா முப்பத்தெட்டுப் பிள்ளையள். தை மாசம் ஒரு மாற்றமும் தெரியாட்டி மூடிப்போடுவினமாம். மூடினால் அடுத்த பள்ளிக்கூடம் ஆறு கட்டை தூரம். காலமை றோட்டில யானை நிக்கும், பாருங்கோ. எந்தத் தாய் அனுப்புவாள்? கச்சான் தோட்டத்துக்குத்தான் கூட்டிக்கொண்டு போவாள்.

— மூட மாட்டாங்க. நான் துஆ செய்றேன் சேர்.

— செய்யுங்கோ மேடம். ஆனா நான் வந்தது வேறை ஒண்டு கேக்க. உங்கடை ஒண்டாம் வகுப்பு ஆற்றை பொறுப்பு?

— எல்லார்ட பொறுப்பும்தான். இங்க எல்லாரும் ஒரு குடும்பம் மாதிரி.

— காலமை வரேக்கை ஜன்னலால பாத்தனான்.

— பாத்தீங்களா...

— பாத்தன். அந்த டீச்சர் நிலத்தில பிள்ளையளோட இருந்துகொண்டு, "இண்டைக்கு என்ன மீன் வந்திச்சு?" எண்டு கேக்கிறா. ஒரு பெட்டைக்குஞ்சு சொல்லுது, "எங்கட வாப்பாட வலையில ஒரு திருக்கை மாட்டி, வலையப் பிச்சிட்டு ஓடிட்டு" எண்டு. அது சொன்னதை ஒரு சொல்லும் மாத்தாமல் பெரிய தாளில எழுதிறா. பிறகு அதையே வாசிக்க விடுறா. தான் சொன்ன கதையைத் தான் வாசிக்கத் தெரியாமல் போகுமே? முழு வகுப்பும் திருக்கையை வாசிக்குது. நான் ஜன்னலடியிலயே நிண்டிட்டன்.

— மொத ஆறு கிழமை அரிச்சுவடியத் தொடவே மாட்டா. ஆலோசகர்மாரு வந்து ஏசினாங்க. நான்தான் எதுத்து நிண்டேன். வாசிக்காத ஒரு புள்ளைய ரெண்டாம் வகுப்புக்கு விட மாட்டா. ஸ்கூல் உட்ட பொறகும் பக்கத்துல இருத்தி வெச்சிருப்பா. ரெண்டாம் வகுப்பு டீச்சர் சொல்றா, "மேடம், எனக்கு வேலையே இல்ல" எண்டு.

— அப்ப நீங்கள் சொன்ன பன்னண்டும் வெறும் சோடினை. காரணம் ஒண்டுதான்.

— ஒண்டுதான் எண்டு சொல்லேலா சேர்.

— இந்த வருசம் ஸ்கொலர்ஷிப் எழுதினது அவ இஞ்ச வந்து முதல் படிப்பிச்ச வகுப்பு. அதுதான் ரெண்டு இருவத்திரண்டாகினது. மேடம், அந்த ஒண்டாம் வகுப்பு றைஸா என்ரை பள்ளிக்கூடத்து டீச்சர்.

— இணைப்புல வந்த டீச்சர்.

— ஓம், தற்காலிக இணைப்பு. பேர் என்ரை பள்ளிக்கூடத்தில, வேலை உங்கடையில. அஞ்சு வருசமாத் தற்காலிகம். ஒவ்வொரு காலமையும் ஆசிரியர் வரவு இடாப்பை விரிச்சு, அவவின்ரை பேருக்கு நேரை "இணைப்பு" எண்டு சிவப்புப் பேனையால எழுதிறன். அந்தப் பேர் அதில இருக்குமட்டும் எனக்கு ஆள் குறைவில்லையாம். வேறை ஆளும் தரமாட்டினம். கடுதாசியில என்ரை ஒண்டாம் வகுப்புக்கு டீச்சர் இருக்கு, வகுப்புக்குள்ள கதிரைதான் இருக்கு.

— அப்போ அவட பேர நிரந்தரமா எனக்கு மாத்தி விடச் சொல்லுங்க. உங்களுக்கு வெற்றிடம் விழும், புது ஆள் வரும்.

— பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு அப்பிடி ஒரு புது ஆள் வந்தவ. றோட்டில யானையைக் கண்ட அண்டைக்கு மெடிக்கல் லீவு போட்டவ. பிறகு மாற்றக் கடிதத்தோடைதான் வந்து முகம் காட்டினவ.

— எனக்கு வெளங்குது நீங்க என்ன கேக்க வந்திரிக்கீங்கண்டு. நான் ஒளிச்சுப் பேசுறல்ல சேர். மாட்டேன்.

— ஒரு கையெழுத்து மேடம். அவவைத் திருப்பி விடுறன் எண்டு ஒரு வரி.

— ஒரு வரியா? நான் இங்க வாற நேரம் அறுவது புள்ள. கூரையில பாதி இல்ல. வாப்பாமாரு கடல்ல, உம்மாமாரு வெளிநாட்டுல. நாங்களும் அகதியாத்தான் வந்த. மன்னார்ல இருந்து உடுத்த உடுப்போட வரக்குள்ள எனக்குப் பன்னண்டு வயசு. ஓலக் கொட்டில்ல பின்னேர ஸ்கூல், ஒரு புத்தகத்த நாலு பேர் பாத்துப் படிச்ச. எங்கட புள்ளைகளும் மத்தவங்க மாதிரி வாசிக்கணும் எண்டு நான் ஏறாத கந்தோர் இல்ல, கேக்காத ஏச்சு இல்ல. இப்ப இருநூத்திப் பத்து புள்ள. ஜனவரிக்கு நாப்பத்திரண்டு பேர் பதிஞ்சிரிக்காங்க. றைஸாவ அனுப்பிட்டு அந்த உம்மாமார்ட முகத்த எப்பிடிப் பாக்க?

— நானும் முள்ளியவளையில இருந்து ஒரு சூட்கேசோட வந்தவன்தான் மேடம். என்ரை பிள்ளையளின்ரை முகத்தை நான் நாள்தோறும் பாக்கிறன்.

— உங்களுக்கு முப்பத்தெட்டு. எனக்கு இருநூத்திப் பத்து.

— எண்ணிக்கையிலயோ பாக்கிறியள்?

— வேற எதுல பாக்க, சொல்லுங்க?

— சரி. அப்ப நான் எழுதிறன். "இந்தப் பாடசாலை முன்னேறினது, கஷ்டப் பிரதேசப் பாடசாலை ஒண்டின்ரை ஆசிரியையை அஞ்சு வருசமாப் பிடிச்சு வைச்சிருக்கிறதால" எண்டு. திகதி, பேர் எல்லாம் போட்டு எழுதிறன்.

— எழுதுங்க! நல்லா எழுதுங்க. ஆனா எழுதுறத முழுசா எழுதணும். சுல்பா மேடம் களவெடுத்தா எண்டு மட்டும் எழுதப்படாது. உள்ளுக்கால கதவத் தொறந்து விட்டவர்ட பேரையும் எழுதணும்.

— மேடம்...

— ஏன் இப்ப குரல் எறங்குது? இருங்க. நௌஃபர் நானா! றைஸா டீச்சர ஒருக்கா வரச் சொல்லுங்க. வகுப்ப ஹவ்வா டீச்சர் பாக்கட்டும்.

— அவவை ஏன் கூப்பிடுறியள்? நாங்கள் ரெண்டு பேரும் கதைச்சுத் தீப்பம்.

— அஞ்சு வருசத்துக்கு முந்தியும் நாம ரெண்டு பேரும் கதைச்சுத்தானே தீத்தம்.

— அஸ்ஸலாமு அலைக்கும் மேடம், கூப்பிட்டீங்களா? ஆ... தியாகராசா சேர்! நல்லா இருக்கீங்களா சேர்? மெலிஞ்சி போயிட்டீங்க.

— இருக்கிறன் பிள்ளை.

— உங்கள நெனைக்காத நாளில்ல சேர். ஒவ்வொரு தொழுகையிலயும் உங்களுக்கு துஆ செய்யாம எழும்புறல்ல.

— எனக்கேன் பிள்ளை?

— மறந்திட்டீங்களா? மூணு பஸ் மாறி வருவேன். விடியச் சுபஹு பாங்குக்கு முந்தி வீட்டால எறங்கணும். என்ட அவரு கட்டார்ல, மூணு மாசப் புள்ள உம்மாட கையில. பால் கட்டி, சாரியெல்லாம் நனைஞ்சி, உங்கட ஒபிஸ்ல நிண்டு அழுதேனே. மனசு எறங்கிக் கையெழுத்து வெச்சீங்க. எத்தின அதிபர்மாரு அப்பிடிச் செய்வாங்க?

— இருங்க டீச்சர், அந்தக் கதிரையில இருங்க. நீங்க இங்க வரக் கேட்டு மனு குடுத்தது ஒக்டோபர் மாசம். கையெழுத்து எப்ப வந்திச்சு?

— ஜனவரில. மொதத் தவணை தொடங்கின கிழமை.

— அதே கிழமை நான் எல்லைக்கு வெளியில இருந்து ஒரு புள்ளைய ஒண்டாம் வகுப்புக்கு எடுத்தேன். பாலாவியில இருந்து வேன்ல வாற புள்ள.

— தர்சனா! அவள மறப்பேனா? இந்த வருசம் நூத்தி அறுவத்தெட்டுப் புள்ளி.

— அவட அம்மாட அப்பா யாரெண்டு தெரியுமா?

— மேடம், பொறுங்கோ. அதை நான் சொல்லுறன். நான்தான் பிள்ளை. உங்கடை மனு மூண்டு மாசம் என்ரை மேசை லாச்சிக்குள்ள கிடந்தது. நீங்கள் அழேக்கையும் நான் இரங்கேல்லை. நல்ல டீச்சரை விட எனக்கு மனமில்லை. மேடம் உங்களைக் கேட்டு ஆள் அனுப்பினவ, அதுக்கும் ஏலாதெண்டிட்டன். பிறகு என்ரை மகள் வந்தாள். "அப்பா, உங்கடை பள்ளிக்கூடத்தில என்ரை பிள்ளையைச் சேக்க மாட்டன், ஒரு நல்ல இடம் பாத்துத் தாங்கோ" எண்டாள். அண்டைக்குப் பின்னேரமே மேடத்துக்குப் போன் கோல் எடுத்தன்.

— நான் கேட்டேன், டீச்சர விடுவீங்களாண்டு. அவரு கேட்டாரு, பேத்திய எடுப்பீங்களாண்டு. நான் ஒளிச்சுப் பேசுறல்ல டீச்சர், ரெண்டு பேரும் சேந்துதான் செஞ்ச.

— எனக்குப் பதிலா அங்க ஒரு டீச்சர் வந்திட்டா எண்டு சொன்னீங்களே மேடம்.

— சொன்னேன்.

— வந்தாவா சேர்?

— இல்லைப் பிள்ளை.

— அப்போ இந்த அஞ்சு வருசமும் அந்த ஒண்டாம் வகுப்புக்கு யாரு?

— ஒருத்தரும் இல்லை. மற்ற வகுப்புகளுக்குள்ள ஓடித் திரியேக்கை நான் எட்டிப் பாப்பன். டிலானை ஞாபகம் இருக்கோ? நீங்கள் போகேக்கை எழுத்துக் கூட்டத் தொடங்கினவன். அதோடை நிண்டுபோச்சு. போன வருசம் ஸ்கொலர்ஷிப் பேப்பரில தன்ரை பரீட்சைச் சுட்டெண்ணை எழுதிப்போட்டு, மிச்சத்தை வெறுமையாக் குடுத்திட்டு வந்தவன்.

— டிலான் கெட்டிக்காரன் சேர். கேட்டத ஒருக்கால்ல பிடிச்சிக்கொள்ளுவான்.

— ஓம்.

— யா அல்லாஹ், நான் இத்தின நாளும் எதுக்கு துஆ செஞ்சிக்கொண்டிருந்திரிக்கேன்...

— தர்சனாவின்ரை புள்ளி வந்த அண்டைக்கு வீட்டில கேக் வெட்டினவை. எனக்கு அது தொண்டையால இறங்கேல்லைப் பிள்ளை. அதுதான் உங்களைத் திருப்பிக் கேக்க வந்தனான்.

— தொண்டையால எறங்கல்லயா? அப்போ இதையும் சொல்லுங்க சேர். தர்சனாட தங்கச்சிக்கு ஜனவரிக்கு எடம் கேட்டு அட்மிஷன் போம் தந்திரிக்கீங்களே! இந்த அலுமாரிக்குள்ளதான் இரிக்கி. உங்களுக்கு டீச்சரும் வேணும், எங்கட ஸ்கூல்ல எடமும் வேணும்.

— மகள் நிரப்பினது மேடம்...

— கொண்டு வந்து என்ட கையில தந்தது?

— நான்தான்.

— கேட்டீங்களா டீச்சர்? இந்த மனுசனுக்காகவா இரங்குறீங்க? இவரு உங்களக் கூட்டிட்டுப் போக வந்திரிக்காரு. நான் ஏலாதெண்டு சொல்லிட்டேன். நீங்களும் ஒருக்கா சொல்லிடுங்க, போகட்டும். உங்கட மகளுக்கும் ஜனவரில ஒண்டாம் வகுப்பு. இங்க நடந்து வாற தூரம்.

— ஜனவரிக்கு அங்க ஒண்டாம் வகுப்புக்கு எத்தின பேர் சேர்?

— ஆறு பேர். பள்ளிக்கூடம் இருந்தால்.

— தங்குறதுக்கு ஒரு அறை கெடைக்குமா?

— வளவுக்குள்ளயே ஆசிரியர் குவாட்டர்ஸ் பூட்டிக் கிடக்கு. நானே நிண்டு துப்புரவாக்கித் தருவன்.

— டீச்சர்! பைத்தியமா உங்களுக்கு? இங்க பதிஞ்சிரிக்கிற நாப்பத்திரண்டு புள்ளைய யாரு பாக்க?

— ஹவ்வா டீச்சர் ரெண்டு வருசமா என்னோடதான் இருந்து செய்றா மேடம். என்னப் போல இல்லாட்டியும் அந்தப் புள்ளைகள வாசிக்க வெச்சிடுவா. அங்க ஒருத்தரும் இல்லண்டு இவரே சொல்றாரே.

— நான் கையெழுத்து வெக்காட்டி?

— வெப்பீங்க மேடம். கூரை இல்லாத ஸ்கூல்ல நீங்களும் இருந்தீங்கதானே.

— என்னக் கொல்றீங்க டீச்சர்.

— பிள்ளை, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறன். நான் சாகுமட்டும்...

— கும்பிட வேணாம் சேர், கைய எறக்குங்க. மேடம், அந்த அலுமாரியத் தொறந்து அட்மிஷன் போம எடுத்து இவர்ட கையிலயே குடுத்திடுங்க. நான் என்ட மகள் அமானியக் கூட்டிட்டு வந்து அங்க ஒண்டாம் வகுப்புல இருத்துவேன் சேர். நீங்க தர்சனாட தங்கச்சியக் கொண்டு வந்து அவளுக்குப் பக்கத்துல இருத்தினாத்தான் நான் அந்த வகுப்புக்குள்ள கால் வெப்பேன்.